கேக்குக்கு விலை கேட்டவர்கள்

வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் என் அண்ணன் வெர்லினும் நானும் பேசிக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஏழு மணியை ஒட்டி ஒரு அரைமணி நேரம். இடம், லாரல் ஃபோர்க் உழவர் சங்க ஹாலின் சமையலறை. அவன் காபிக் கோப்பைகளைக் கழுவுவான், நான் துடைத்து அடுக்குவேன். அந்த அரைமணி நேரத்துக்குள் ஒரு வாரத்துச் சண்டையையும் போட்டு முடித்துவிட வேண்டும் என்பதால் இரண்டு பேரும் மூச்சு விடாமல் பேசுவோம்.

மற்ற நாட்களில் ஏன் பேசுவதில்லை என்றால், அது ஊருக்கே தெரிந்த கதை. அப்பாவை அடக்கம் செய்த அதே வாரம், அப்பா வீட்டு முன்புறத்தில் வெர்லின் தன் கட்சிக்காரரின் தேர்தல் பலகையைக் கொண்டுவந்து நட்டான். நான் அதைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். "இனிமே உன் வாசப்படிய மிதிச்சா நான் ஹாஸ்கின்ஸ் இல்ல" என்று குடும்பப் பெயரின் மேல் சத்தியம் செய்தான். "உன் வாசப்படிக்கு என் காலு ஏங்கிப்போய் கெடக்குதாக்கும்" என்றேன் நான். எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லை முழுங்கியவர் கிடையாது. போனில் பேசலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் போன் அடித்தால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பொருள். நலம் விசாரிக்க அதை யாரும் தொட்டதில்லை.

ஹால் அவன் வாசலும் இல்லை, என் வாசலும் இல்லை. அதனால் அங்கே பேசலாம்.

அவன் 'சுதந்திரக் காவலர்கள்' என்று ஒரு குழு வைத்திருந்தான். மின்நிலையத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன், அரசாங்கம் என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சிவந்துவிடும். நான் 'முற்போக்குக் குடிமக்கள்' குழுவில் செயலாளர். பள்ளிக்கூடத்தில் டைப்ரைட்டிங் டீச்சராக இருந்தவள். அதே மின்நிலையம் ஆற்றங்கரையில் கொட்டும் சாம்பலைப் பற்றித்தான் எங்கள் பாதிக் கூட்டம் நடக்கும். அவர்கள் ஐந்து மணிக்கு, நாங்கள் ஏழு மணிக்கு. ஹாலுக்கு ஒரே சாவி. அவர்கள் திறப்பார்கள், நாங்கள் பூட்டிச் சங்கத் தலைவரிடம் சேர்ப்போம். நடுவில் சாவி வெர்லின் கையிலிருந்து என் கைக்கு வரும். சாவியைத் தருகிற சாக்கில் அவனும், வாங்குகிற சாக்கில் நானும் நின்றுகொண்டே இருப்போம். கோப்பைகளும் எப்படியோ கழுவாமலே மிச்சமிருக்கும்.

அந்த ஹாலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. யார் ஹாலை விட்டுப் போனாலும், அடுத்து வருகிறவர்களுக்கு வாய்க்கு இனிப்பாக ஏதாவது வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்து வருவது யாராக இருந்தாலும் சரி. முதல் செவ்வாயன்று என் அண்ணி டோரிஸ் செய்த ப்ளாக்பெர்ரி ஜாம் கேக் எங்களுக்காக மேசை மேல் இருந்தது. எங்கள் ஆட்கள் அதைச் சுற்றி நின்றுகொண்டு, யார் முதலில் தொடுவது என்று பார்த்தார்கள். "எதிராளி வெச்சுட்டுப் போனது. உள்ள என்னத்தப் போட்டிருக்காங்களோ" என்றாள் ஒருத்தி. நான் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டேன். அதற்குப் பிறகு கூட்டத்தில் யாரும் எதையும் விவாதிக்கவில்லை. பதிலுக்கு நாங்கள் வெல்லப்பாகு பிஸ்கட்டை டின்னில் போட்டு வைத்தோம். அது ஒரு வாரம் தாங்கும்.

"உங்க பிஸ்கட்டு பல்ல ஒடைக்குது ரோ" என்பான் வெர்லின், கோப்பையைக் கழுவிக்கொண்டே. சின்ன வயதிலிருந்து அவனுக்கு நான் 'ரோ'தான்.

"டின்னு காலியா இருக்கே அண்ணே. பல்லு போனவங்கதான் தின்னாங்களா?"

"வீணாப் போகக் கூடாதுன்னு தின்னோம். உங்க ஆளுங்க மாதிரி அடுத்தவன் காசுல வாழப் பழகல நாங்க."

"அடுத்தவன் பிஸ்கட்ட மட்டும் தின்னுப் பழகியாச்சு."

இப்படியே போகும். மழைக்கால இருட்டில், ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிய, வெந்நீரில் கை சிவக்க நாங்கள் நின்ற அந்த நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு நிறைந்தது போல இருக்கிறது.

ஒரு இலையுதிர் காலத்தில், உழவர் சங்கத் தலைவர் ஓரன் பென்னிங்டன் எங்கள் இரண்டு பேரையும் அந்தச் சமையலறையிலேயே பிடித்துக்கொண்டார். சங்கத்தில் அப்போது மிஞ்சியிருந்தவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள்.

"சங்கத்த மூடப் போறோம்" என்றார். "ஹால விக்க முடியாது. வரி விலக்கு வாங்கின பொதுநல அமைப்புக்குத்தான் குடுக்கணும், சட்டம் அப்படி. உங்க ரெண்டு குழுவுக்கும் அந்த விலக்கு இல்ல. வாங்குங்க. யாருக்கு மொதல்ல வருதோ அவங்களுக்கு ஹாலு. ஆனா ஒண்ணு, ஜெயிச்சவங்க தோத்தவங்கள வெளிய தள்ளக் கூடாது. செவ்வாக்கெழம சாயங்காலம் இப்ப மாதிரியே இருக்கணும்."

வெர்லின் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஹால் போனால் செவ்வாய்க்கிழமையும் போய்விடும். அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

"நாங்கதான் ஜெயிப்போம்" என்றான்.

"பாப்போம்" என்றேன்.

ஊரில் இருந்தது ஒரே வக்கீல், ப்ரெண்ட் ஸ்டகி. என்னிடம் டைப்ரைட்டிங் படித்து, கடைசி வரை இரண்டு விரலால் மட்டும் தட்டியவன். அவர்களுக்கும் அவன்தான், எங்களுக்கும் அவன்தான். இரண்டு விண்ணப்பமும் ஒரே நாளில் போயின. சில மாதத்தில் வந்துவிடும் என்றான் ஸ்டகி. ஒரு குளிர்காலம் போயிற்று. வசந்தம் வந்து, சோளம் விதைத்து, அறுத்தும் ஆயிற்று. வரி அலுவலகத்திலிருந்து சத்தமே இல்லை.

பிறகு கடிதம் வந்தது. இரண்டு பேருக்கும் வந்தது. அப்போதெல்லாம் ஊர் ஊராக இப்படிக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. குழுவின் பேரில் கொஞ்சம் அரசியல் வாடை அடித்தால் போதும், அந்த விண்ணப்பம் தனியாக எடுத்து வைக்கப்படும் என்று பின்னால் பேப்பரில் படித்தோம். சுதந்திரம் என்றாலும் வாடை, முற்போக்கு என்றாலும் வாடை. கூட்டத்தில் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள், உங்களில் யாராவது தேர்தலில் நிற்கப்போகிறீர்களா, கணினியில் என்னென்ன எழுதினீர்கள் என்று ஒரே கேள்வி மழை. எங்கள் கூட்டத்தில் யார் என்ன பேசினார் என்று எங்களுக்கே மறுநாள் ஞாபகம் இருக்காது.

கடைசிக்கு முந்திய கேள்வியில்தான் ஸ்டகி விரலை வைத்தான். என்னை அவன் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தான்.

"டீச்சர், இதப் பாருங்க. சுதந்திரக் காவலர்கள் அமைப்போட உங்களுக்கு என்ன தொடர்பு, ஆட்களையோ பொருளையோ பகிர்ந்துக்கிறீங்களான்னு கேக்குறாங்க. உங்க அண்ணனுக்கு வந்ததுல உங்க குழு பேரப் போட்டு இதே கேள்வி."

"எங்களுக்கும் அவங்களுக்கும் என்னடா தொடர்பு? கீரியும் பாம்பும்."

"அவங்களுக்கு எப்படி டீச்சர் தெரியும்? ஒரே விலாசம், ஒரே வக்கீல். அந்தக் குழுத் தலைவரும் ஹாஸ்கின்ஸ், இந்தக் குழுச் செயலாளரும் ஹாஸ்கின்ஸ். ஒரே ஆளு ரெண்டு வேஷம் கட்டுறான்னு நெனப்பாங்கல்ல? 'எந்தத் தொடர்பும் இல்லை'ன்னு ஒரு வரி எழுதிருங்க. அண்ணன்கிட்டயும் அதையேதான் சொல்லியிருக்கேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி எழுதினா சீக்கிரம் முடிஞ்சுரும்."

அந்தச் செவ்வாயன்று வெர்லின் கோப்பையை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினான்.

"பையன் சொன்னான்ல?" என்றான்.

"சொன்னான்."

"தொடர்பு இல்லன்னு எழுதிர வேண்டியதுதான்."

"எழுதிர வேண்டியதுதான். என்ன பெரிய தொடர்பு?"

"அதானே. நான் உன் வாசலுக்குக்கூட வர்றதில்ல."

"நானும்தான் வர்றதில்ல."

"அப்ப சரி. நீயும் இல்லன்னு எழுது, நானும் இல்லன்னு எழுதறேன்."

கையைக்கூடக் குலுக்கிக்கொண்டோம். அவன் கை ஈரமாக, சூடாக இருந்தது. அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் அவன் கையைத் தொட்டேன்.

வீட்டுக்கு வந்து டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கணினி வந்த பிறகும் நான் அதை விடவில்லை. மற்ற கேள்விகளுக்கெல்லாம் மளமளவென்று தட்டிவிட்டேன். இந்தக் கேள்வி வந்ததும் விரல் நின்றுவிட்டது. பக்கத்தில் காகிதத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்த அண்ணியின் கேக் துண்டு. அதைத் தின்றுகொண்டே, தொடர்பு இல்லை என்று எப்படித் தட்டுவது? கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? கேக்கைத் தின்று முடித்துவிட்டுத் தட்டலாம் என்று பார்த்தேன். தின்ற பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. கடைசியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவர்கள் வாராவாரம் எங்களுக்கு ஒரு கேக் வைத்துவிட்டுப் போகிறார்கள், நாங்கள் அவர்களுக்கு பிஸ்கட் வைக்கிறோம், ஹாலின் வழக்கம் அது, கொள்கையில் ஒத்துப்போவது எதுவும் கிடையாது. கையெழுத்துப் போட்டு, ஸ்டகியிடம் காட்டாமல் நானே தபாலில் சேர்த்தேன். வெர்லின் 'இல்லை' என்று எழுதியிருப்பான், நான் மட்டும் கெடுத்துவிட்டேனே என்று அந்த வாரமெல்லாம் உறுத்தல்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு செவ்வாய். வெர்லின் முகம் சரியாக இல்லை. ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினான்.

"உனக்கு ஏதாச்சும் லெட்டர் வந்துச்சா ரோ?"

என் கோட்டுப் பைக்குள் அன்று காலை வந்த கடிதம் இருந்தது. "இல்லையே. உனக்கு?"

"எனக்கும் இல்ல."

மறுபடியும் அதே கோப்பையைத் தொட்டியில் முக்கினான்.

"அப்புறம் ஏன் உன் சட்டப் பையில வரி ஆபீசு கவரு நீட்டிக்கிட்டு நிக்குது?" என்றேன்.

குனிந்து பார்த்தான். "அது... பழசு."

"இங்க எடு."

"உன்னோடத எடு மொதல்ல. கோட்டு தொங்குறதப் பாத்தாலே தெரியுது."

இரண்டையும் மேசை மேல் விரித்தோம். பேரைத் தவிர வரிக்கு வரி ஒன்று. 'தங்கள் பதிலில் குறிப்பிட்டுள்ள கேக் மற்றும் பிஸ்கட் பரிமாற்றம் தொடர்பாகப் பின்வரும் விவரங்கள் தேவைப்படுகின்றன.' ஒவ்வொரு கேக்கின் சந்தை விலை என்ன, அதைச் செய்பவர் யார், அவர் எந்தக் குழுவில் என்ன பொறுப்பு வகிக்கிறார், கேக்குடன் எப்போதாவது ஏதேனும் அரசியல் கருத்து தெரிவிக்கப்பட்டதா.

"நீ இல்லன்னு எழுதறேன்னு சொன்ன" என்றேன்.

"நீயுந்தான் சொன்ன! கையக் குலுக்கிச் சொன்ன!"

"அண்ணி கேக்க வாயில வெச்சுக்கிட்டு எப்படிண்ணே இல்லன்னு எழுதுறது? நீ ஏன் எழுதல? அரசாங்கத்தக் கண்டாலே உனக்கு ஆகாதே. ஒரு பொய் சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

வெர்லின் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டான். "அரசாங்கத்தத் திட்டுவேன். பொய் சொல்ல மாட்டேன். பொய் சொல்லிட்டா அப்புறம் திட்டுறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவன் முதலில் முறைத்தான், பிறகு அவன் தோளும் குலுங்க ஆரம்பித்தது. கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வெளியே அவன் ஆட்களும் என் ஆட்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். இதுகளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். எனக்குத் தெரிந்து என் அண்ணன் அப்படிச் சிரித்தது சின்ன வயதில் கொட்டகைக் கூரையிலிருந்து வைக்கோலில் குதித்தபோதுதான்.

ஸ்டகி தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு வரி! ஒரே ஒரு வரி எழுதச் சொன்னேன்!"

அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத, இரண்டு குழுவும் முதலும் கடைசியுமாக ஒன்றாக உட்கார்ந்தன. நான் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தேன். முதல் கேள்வியிலேயே அண்ணி எழுந்து நின்றுவிட்டாள்.

"என் கேக்குக்கு வெலையா? நான் என்ன கடையா வெச்சிருக்கேன்?"

"சும்மா ஒரு தொகை சொல்லுங்க அண்ணி."

"சொல்ல மாட்டேன். அந்த ப்ளாக்பெர்ரி ஆத்தங்கரையில முள்ளுல கை கிழிஞ்சு பறிச்சது. அந்தாள இங்க வந்து பறிக்கச் சொல்லு, அப்புறம் வெல போடட்டும்."

"விலை போட இயலாது" என்று தட்டினேன். அடுத்தது அரசியல் கருத்து. எங்கள் பக்கத்தில் ஒருத்தி கை தூக்கினாள். "ஒரு தடவ கேக்கு மேல கொடி போட்டிருந்தீங்க."

"அது ஜூலை நாலு, சுதந்திர தினம்!" என்று அந்தப் பக்கம் மொத்தமும் கத்தியது.

"கொடி எல்லாருக்கும் பொதுதானே" என்றேன் நான்.

வெர்லின் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இத ஒரு பலகையில எழுதி உன் வீட்டு முன்னால நடேன்."

"பலகையப் பத்தி நீ பேசாத அண்ணே."

இரண்டு பக்கமும் சிரித்தது. அன்று கேக்கும் பிஸ்கட்டும் ஒரே நேரத்தில் மேசை மேல் இருந்தன. போகிறவர், வருகிறவர் என்ற பேச்சே இல்லாமல் எல்லோரும் ஒன்றாகத் தின்றோம். எந்த அரசாங்கமும் ஏற்பாடு செய்து அப்படி ஒரு கூட்டத்தை லாரல் ஃபோர்க்கில் நடத்தியிருக்க முடியாது. கேள்வி கேட்டே நடத்தி வைத்தார்கள், அதுவரைக்கும் அவர்களுக்கு நன்றி.

பதில் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஸ்டகி போன் செய்தால், பரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். எழுதினால், கிடைத்தது என்று ஒரு அட்டை வரும். அந்தக் குளிர்காலத்தில் பனி பாரம் தாங்காமல் ஹால் கூரையின் ஒரு பக்கம் தொய்ந்தது. காப்பீட்டுக்காரர்கள் இனி முடியாது என்றார்கள். ஓரன் ஒரு செவ்வாயன்று சமையலறை வாசலில் வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இனிமே என்னால காத்திருக்க முடியாது பிள்ளைங்களா" என்றார். எங்களுக்கு அறுபது தாண்டியிருந்தது, அவருக்கு நாங்கள் பிள்ளைகள்தான். "மார்லாவோட பூனைக் காப்பகத்துக்கு வரி விலக்கு இருக்கு. விண்ணப்பம் போட்ட கையோட குடுத்துட்டாங்களாம்."

பூனையிடம் யாரும் என்ன கட்சி என்று கேட்கவில்லை.

கடைசிச் செவ்வாயன்று வெர்லின் கோப்பைகளைக் கழுவி முடித்தும் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் மூடினேன். சாவியை எடுத்து என் கையில் வைத்தான்.

"இல்லன்னு எழுதியிருந்தா இந்நேரம் ஹாலு நம்ம கையில இருந்திருக்கும்" என்றேன்.

"ஆமா. ஆனா இங்க நின்னு கோப்ப கழுவ எனக்கு மூஞ்சி இருந்திருக்காது."

இன்னும் எதையோ சொல்லப் போகிறான் என்று நின்றேன். வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நானும் சொல்லியிருக்கலாம். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் பூட்டி, சாவியை மார்லாவின் தபால்பெட்டியில் போட்டேன்.

எங்கள் குழு கொஞ்ச நாள் பீட்சாக் கடையில் கூடியது. சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. பிறகு எல்லாம் போனுக்குள் போய்விட்டது. வெர்லினின் ஆட்களும் அப்படித்தான். நேரில் பிஸ்கட் தின்றவர்கள் போனில் ஒருவரையொருவர் துரோகி என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. திட்டினால் திட்டுகிறவன் முகம் தெரிய வேண்டும், அவன் கையில் நுரை இருக்க வேண்டும்.

அண்ணி போனபோது எங்கள் வீட்டில் போன் அடித்தது. தேவாலயத்தில் நான் பின்வரிசையில் நின்றேன். வெர்லின் எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டே வந்தான். என்னிடம் வந்ததும், "வந்ததுக்கு நன்றி" என்றான், ஏதோ வெளியூர்க்காரியிடம் சொல்வது போல. அந்த இரண்டு வார்த்தையை வீடு வரை தூக்கிக்கொண்டு வந்து அழுதேன்.

இன்னும் சில வருஷம் போனது. போன கோடையில் மார்லா என்னைக் கூப்பிட்டாள். ஹால் விலாசத்துக்கு வரி அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதம் வந்திருக்கிறதாம், ஒன்று என் பேருக்கு.

போனேன். ஹாலுக்குள் காலை வைத்ததும் பூனை வாடை. கொடி தொங்கிய இடத்தில் கூண்டுகள். மார்லா கவரைக் கொடுத்தாள். முற்போக்குக் குடிமக்கள் அமைப்புக்கு வரி விலக்கு வழங்கப்படுகிறது, அசையாச் சொத்துகளை அன்பளிப்பாகப் பெற இதன்மூலம் தகுதி உண்டு. அமைப்பில் மிச்சமிருந்தது நான்தான். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று கீழே ஒரு வரி.

"உங்கண்ணன் காலையில வந்து அவரோடத வாங்கிட்டுப் போனாரு" என்றாள் மார்லா. "சமையலறையில உங்களுக்கு ஏதோ வெச்சுட்டுப் போயிருக்காரு. எடுக்காமப் போயிராதீங்க, பூனை கண்ணு வெச்சிருக்கு."

அதே தொட்டி, அதே ஜன்னல். மேசை மேல் அண்ணியின் நீலப் பூப்போட்ட தட்டு. துணியை விலக்கினேன். ஜாம் கேக். ஒரு பக்கம் கருகி, நடுவில் அமுங்கி, அண்ணி பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பாள். அவனே செய்திருக்கிறான். ஆயுளில் ஒரு முட்டை உடைத்தறியாத மனுஷன். ஒரு துண்டை வெட்டி வாயில் வைத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டான். ஜாம் இனிப்பு மட்டும்தான். பூனை ஒன்று மேசையில் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்தது. அதற்குக்கூடக் கொடுக்காமல், நின்ற இடத்திலேயே முக்கால்வாசி தின்றேன். மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டேன்.

தட்டைக் கழுவினேன். துடைக்க ஆள் இல்லாததால் நானே துடைத்தேன். பழைய வழக்கப்படி தட்டை அங்கேயே வைத்துவிட்டால் செவ்வாயன்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அவர்களும் இல்லை, செவ்வாயும் இல்லை. அண்ணியின் தட்டைப் பூனைக் கூண்டுகளுக்கு நடுவில் விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

வெர்லின் வீட்டு வாசலில் மூன்று மரப்படி. முதல் படியில் கால் வைக்கும்போது, சொன்ன சொல்லை முழுங்கிய முதல் ஹாஸ்கின்ஸ் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் தட்டினேன்.

திறந்தான். கிழவனாகிவிட்டிருந்தான். சட்டைக் கையில் மாவு.

"இது ஹால் இல்ல" என்றான்.

"தெரியும்."

"செவ்வாக்கெழமையும் இல்ல."

"அதுவும் தெரியும். சர்க்கரை போட மறந்துட்ட."

"தின்னியா?"

"தின்னேன்."

என் கையிலிருந்த தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வழக்கம்போலச் சண்டைக்கு வந்தான்.

"வெறுந்தட்டையா நீட்டுவ? நம்ம ஹால் வழக்கம் மறந்துபோச்சா?"

"வழிய விடுண்ணே" என்றேன். "பிஸ்கட்டுக்கு உன் அடுப்புதான் வேணும்."